பதின்மூன்று அமாவாசைச் சோறு

முக்கூடல் மிஷன் பள்ளிக்கு நான் உபாத்தியாயினியாக வந்து இறங்கிய அன்றைக்கே சுடலைவடிவு என்னைப் பிடித்துக்கொண்டாள். வண்டியிலிருந்து என் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் நாற்றுக்கட்டோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவள் வழியில் நின்று, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். துணி என்றேன். துணிக்கு இத்தனை கனம் உண்டா என்றாள். புஸ்தகமும் இருக்கிறது என்றேன். என்ன புஸ்தகம் என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். உனக்கு எதற்கு அதெல்லாம் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சிக்கிடத்தான்," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அவள் தலையிலிருந்த கட்டிலிருந்து சொட்டிய சேற்றுத் தண்ணீர் என் பெட்டி மேலேயும் இரண்டு துளி விழுந்திருந்தது. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம்.

எங்கள் சபையார் வருஷாவருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். ஊழியத்தில் கண்ட உத்தமமான பெண்ணொருத்தியைப் பற்றி எழுதித் தரும்படி இந்த வருஷம் என்னைக் கேட்டார்கள். எங்கள் வேதக்கோவிலுக்கு வருகிற சகோதரிகளில் ஒருத்தியைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு நினைவுக்கு வருகிறவள் இவள்தான். அச்சில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிடுகிறேன்.

சுடலைவடிவு நடவுக்காரி. அவளுக்குப் பின்னால் பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டு வருவார்கள். அவள் நட்ட வரிசை நூல் பிடித்தாற்போல இருக்கும், வாய் மட்டும் ஓயாது. நண்டு ஏன் நேரே நடக்கமாட்டேன் என்கிறது, சேரன்மகாதேவி ஸ்டேஷனில் நிற்கிற ரயிலுக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள், அம்மை குத்த வருகிற ஐயா குப்பியில் வைத்திருப்பது எந்த மாட்டுப் பால் என்று வரப்பில் போகிற எல்லோரையும் நிறுத்திக் கேட்பாள். ஊரில் அவளைக் கேள்விக்காரி என்பார்கள். அவள் புருஷன் குற்றாலலிங்கம் ஏர் பிடிக்கிறவர். பொங்கலிலிருந்து தீபாவளி வரைக்கும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு பேருக்கும் சேர்த்து இவளே பேசிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி. பெயர் பரமசிவன். அவனைப் பெற்ற எட்டாம் நாள் தாய் செத்துப்போனாள். அப்போது வடிவுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனும் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு களை பறிக்கப் போயிருக்கிறாள். வரப்பில் துணியை விரித்துப் போட்டுவிட்டு நட்டிருக்கிறாள். குற்றாலலிங்கம் பெண் கேட்டு வந்தபோது, தம்பியும் கூட வருவான், சம்மதமா என்று அவளே கேட்டாளாம். அவர் தலையை ஆட்டினாராம். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் குறையை அவள் ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை. பரமசிவன்தான் பிள்ளை.

எதையும் தெரிந்துகொள்ள அக்காளுக்கு இருந்த ஆசை தம்பிக்கும் இருந்தது. அவளுக்கு அது வாயில், அவனுக்கு அது காலில். பத்தொன்பது வயதில் கொழும்புக்குப் போனான். துறைமுகத்தில் கரிமூட்டை சுமந்தான். ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய மறு வருஷம் ஒரு பெரிய கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற வேலைக்கு ஏறிவிட்டான். இரண்டு கடிதம் போட்டான், யாரோ எழுதிக் கொடுத்தது. இரண்டையும் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

முதல் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொல்லி அவள் பள்ளிக்கூடத்து நடையில் வந்து உட்கார்ந்தாள். எழுதியது முழுக்கக் கேள்விகள்தான். கப்பலில் விடிந்தது எப்படித் தெரியும், சேவல் உண்டா? புகை எங்கே போகிறது? கடல் எப்படி இருக்கும்? மொத்தம் பதினாறு கேள்வி. என் கையெல்லாம் மை. தம்பி நலமா என்று ஒரு வரி எழுதலாமா என்று நான்தான் கேட்டேன். ஐந்து மாதம் கழித்து இரண்டாம் கடிதம் வந்தது. 'அக்கா, நீ கேட்டதில் ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரியும். கப்பலில் சேவல் இல்லை. கடலைப் பற்றிக் கேட்டாய். நான் கப்பலின் அடி வயிற்றில் இருக்கிறேன். மேலே வந்து கடலைப் பார்க்க நேரமில்லை' என்று இருந்தது. அதை நான்கு தடவை வாசிக்கச் சொன்னாள். கடலுக்குள்ளேயே கிடக்கிறவனுக்குக் கடலைப் பார்க்க நேரமில்லையாமே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பதினெட்டாம் வருஷம் தை மாதம் சர்க்காரிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் கிராம முன்சீப் அதை என்னிடம் கொண்டுவந்தார். முந்தின கார்த்திகையில், எதிரியின் செயலால், கடலில், என்று மூன்றே வரி. எந்தக் கடல் என்றுகூட இல்லை. வடிவைக் கூப்பிட்டு அனுப்பினேன். எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாயில் வரவில்லை. தம்பி இல்லை வடிவு, கப்பலோடு போய்விட்டான் என்றேன்.

"எந்தக் கடல்ல?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். கல்நெஞ்சக்காரி என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன், கர்த்தர் என்னை மன்னிக்க வேண்டும். பாதி வழியில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அவள் அழுத அழுகைக்கு வயலில் நின்றவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தன.

அதற்குப் பிறகு அமாவாசைதோறும் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். இலைத் தொன்னையில் ஒரு உருண்டை சோறு, அதன் மேல் கருவாட்டுக் குழம்பு, ஒரு துண்டு கருப்பட்டி. ஆற்றுப் படித்துறையில் முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி, தொன்னையைத் தாமிரபரணியில் விட்டுவிட்டு, அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிற்பாள். ஆறு கடலுக்குத்தானே போகிறது, தம்பி கடலில்தானே கிடக்கிறான், கொண்டு சேர்த்துவிடும் என்பது அவள் கணக்கு. எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாதது. அவளாகவே யோசித்துக் கண்டுபிடித்தது.

செத்தவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்று நான் ஒரு நாள் படித்துறையிலேயே சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை அல்லவா. அவள் திரும்பி, "நீங்க பாத்தியளா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே நான் பார்த்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில் விஷக்காய்ச்சல் ஊரைப் புரட்டிப் போட்டது. பள்ளியை ஐந்து வாரம் மூடினோம். காய்ச்சல் தணிந்ததும் வடிவின் பிறந்த வீட்டார் தங்கள் குடும்பக் கோவிலுக்குச் சித்திரையில் கொடை கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற திருவிழா அது. பெரிய கோபுரக் கோவில் என்று நினைத்துவிடக் கூடாது. வயல்காட்டு ஓரத்தில் ஒரு மருதமரம், அதன் அடியில் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசின சின்னச் சின்னப் பீடங்கள், அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் ஆயுசு முடியாமல் அகாலமாய்ப் போனவர்களுக்கு அங்கே ஆளுக்கு ஒரு பீடம் உண்டு. கொடையன்று அவரவர் பீடத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பார்கள். பீடம் இல்லாதவனுக்கு இலை இல்லை. அவன் பசியோடு அலைவான் என்பது அவர்கள் நம்பிக்கை.

கோவில் பொறுப்பு சுடலையாண்டி என்ற பெரியவரிடம் இருந்தது. வடிவின் தகப்பனோடு பிறந்த தம்பி. எழுபது வயது, சொன்ன சொல்லை மாற்றமாட்டார். வடிவு அவரிடம் போய்த் தம்பிக்கு ஒரு பீடம் போட வேண்டும் என்று கேட்டாள். கட்டிக்கொடுத்த பெண் வந்து கேட்கிறாளே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்டது வேறு. பீடம் போட வேண்டுமென்றால் அவன் செத்த இடத்து மண் ஒரு பிடி வேண்டும். பனையிலிருந்து விழுந்தவனுக்குப் பனைமூட்டு மண், ஆற்றோடு போனவனுக்கு அவன் கரை ஒதுங்கின இடத்து மண். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதைக் குழிக்குள் வைத்துத்தான் மேலே செங்கல் வைப்பார்கள்.

"மண்ணு கொண்டா, பீடம் போடுதேன். மண்ணு இல்லாம வெறுஞ் செங்கல்ல அவன் எப்படி வந்து உக்காருவான்?" என்றாராம்.

வடிவு நேரே என்னிடம் வந்தாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். இந்தச் சித்திரையை விட்டால் இன்னும் மூன்று வருஷம். அதற்குள் சின்னையா இருப்பாரோ மாட்டாரோ. அவருக்குப் பிறகு கல்யாணம் ஆகாமல் செத்த ஒருவனுக்காக, வேறு வீட்டுக்குப் போன ஒருத்தி கேட்கிறாள் என்று யார் மெனக்கெடுவார்கள்?

"ஒரு வாய் சோத்துக்கு எவன் வீட்டு வாசல்ல போயி நிக்கானோ," என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் கெடக்குற எடம் எதுன்னு மட்டும் கேட்டு எழுதுங்கம்மா. எடம் தெரிஞ்சா மண்ணுக்கு நான் வழி பாத்துக்கிடுதேன்."

விக்கிரக ஆராதனைக்கு ஒத்தாசை செய்கிறேனே என்று எனக்கு உறுத்தாமல் இல்லை. ஒரு இடத்தின் பெயரைக் கேட்பதில் என்ன பாவம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தக் கப்பலுக்குக் கொழும்பில் இருந்த ஏஜெண்டுக்கு எழுதினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. அவளோடு ஏழு வருஷம் பழகினால் யாருக்கும் அந்த நோய் தொற்றிவிடும்.

பங்குனி பிறந்து நாலாம் நாள் பதில் வந்தது. சண்டை முடிந்துவிட்டதால் இப்போது சொல்வதில் தடை இல்லையாம். சூயஸ் கால்வாயைத் தாண்டி, மத்தியதரைக் கடலில், மால்டா என்ற தீவுக்குக் கிழக்கே அறுபது மைலில் கப்பல் மூழ்கியது. பள்ளிச் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்துக்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் நம் ஊரைக் காட்டச் சொன்னாள். முக்கூடல் படத்தில் இல்லை. தாமிரபரணி மட்டும் ஒரு தலைமயிர் மாதிரி இருந்தது. சேறு காய்ந்த நகத்தை அதன் மேல் வைத்து, பைய இழுத்துக்கொண்டே போய்க் கீழ்க்கடலில் நிறுத்தினாள். புன்னக்காயல் என்றேன்.

"தம்பி எங்கன?"

என் விரலைக் கன்னியாகுமரியைச் சுற்றிக் கொண்டுபோனேன். மேற்கே அரபிக் கடல், செங்கடல், கால்வாய், அப்புறம் மத்தியதரைக் கடல். என் கை நீட்டுக்கு எட்டாமல் முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. அந்த இடம் கருநீலமாக இருந்தது. கருநீலம் என்றால் ஆழம் அதிகம், நம் பொதிகை மலையைத் தூக்கிப் போட்டாலும் முழுகிவிடும் என்று விளக்கினேன். அடியில் மண் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் பாடம் நடத்துகிற புத்தி ஆயிற்றே. நம் ஆறு கிழக்கே விழுகிறது, அவன் கிடப்பது மேற்கே, இந்த ஆற்றில் விடுவது அங்கே போகாது என்று விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பம் பதிமூணு அமாவாசையும் நான் யாருக்குச் சோறு போட்டேன்?"

முக்காலி மேல் நின்றுகொண்டிருந்த எனக்கு இறங்கக்கூடத் தோன்றவில்லை. வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் என்ன என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்த கொம்பை நானே ஒடித்துப் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. யாருக்குப் போயிற்று என்பது அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. ஒரு வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு கடலில் விழுகிற இடத்துக்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று முடிவுக்கு வந்தாள்.

நாசரேத்தில் என் தங்கை சாலோமி இருந்தாள். பங்குனிக் கடைசியில் பள்ளி விடுமுறை. தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டு, குற்றாலலிங்கத்தின் வண்டியில் அவர்கள் இரண்டு பேரோடும் கிளம்பினேன். பொய் இல்லை, தங்கையையும் பார்த்தேன். ஆற்றை ஒட்டியே இரண்டு நாள் பயணம். எந்த ஊரில் ஆறு எத்தனை அகலம், எந்த அணையில் எத்தனை மடை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் காலையில் புன்னக்காயல்.

ஆறு அங்கே பல கால்களாகப் பிரிந்து, உப்புச் சேற்றில் தடுமாறிக் கடலில் விழுகிறது. இத்தனை பாடு பட்டு வந்த ஆறு இவ்வளவு சாதாரணமாக முடிந்துபோகிறதே என்று எனக்கு இருந்தது. வடிவு அதுவரை கடலைப் பார்த்ததில்லை. நேரே தண்ணீர் விளிம்பு வரைக்கும் நடந்தாள். பிறகு குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டு, தூவென்று துப்பினாள். இத்தனை ஆறு விழுந்தும் இது ஏன் தித்திக்கவில்லை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் திருப்திப்படவில்லை.

கரையில் ஒரு பெரியவர் தோணிக்குச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அந்த வாடை எனக்குக் குமட்டியது. வடிவு அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, எண்ணெய் எதற்கு, மரம் அதைக் குடிக்குமா என்று தொடங்கிவிட்டாள். அவர் பெயர் மிக்கேல் பர்னாந்து. கேள்வி கேட்க ஆள் கிடைக்காமல் தவித்தவர் போல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இங்கே விழுகிற ஆற்றுத் தண்ணீர் வாடைக்காற்றில் எந்தப் பக்கம் போகும், கோடைக்காற்றில் எந்தப் பக்கம் போகும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டினார். மேற்குக் கடலுக்கு, அந்தக் கால்வாய்க்கு அப்பால் போகுமா என்று கேட்டாள். அவ்வளவு தூரம் எதுவும் போகாது, இந்தக் கடலோடு சரி என்றார். எதற்காகக் கேட்கிறாள் என்றும் விசாரித்தார்.

வடிவு தொன்னைச் சோற்றைப் பற்றிச் சொன்னாள். என்ன குழம்பு, எத்தனை அமாவாசை, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்கு அந்தோனி என்று ஒரு அண்ணன் இருந்தாராம். சென்னையில் ஜெர்மன்காரன் குண்டு போட்டானே, அந்த வருஷம் கொழும்புக்குத் தோணி கொண்டுபோனவர். சண்டைக் காலம், போகாதே என்று எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. போனவர் திரும்பவில்லை. தோணியின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் இருக்கிறது, கீழே ஆள் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பூசையில் பங்குச் சாமியார் அவர் பெயரை வாசிக்கிறார்.

"அப்பம் பதிமூணு அமாவாசை எங்க அண்ணன் பட்டினி கெடக்கலை தாயி," என்றார்.

செத்தவர்கள் உண்பதில்லை என்று நான் அங்கேயும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க முடியவில்லை.

கடலடி மண் ஒரு பிடி கிடைக்குமா என்று வடிவு கேட்டாள். விடிகாலையில் வந்து சேர்ந்த ஒரு தோணியின் நங்கூரத்தில் கறுப்புச் சேறு அப்பிக்கொண்டிருந்தது. பத்து ஆள் ஆழத்தில் கிடந்தது என்றார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வழித்துப் போட்டு, ஓலையால் மூடிக் கட்டி, எங்க அண்ணன் கிடக்கிற கடல் மண் தாயி, பார்த்து வைத்துக்கொள் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

வண்டி திரும்பியது. அவள் மடியில் சிரட்டை. எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. இது மால்டாவுக்குப் பக்கத்து மண் இல்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், முன்னால் உட்கார்ந்திருந்த குற்றாலலிங்கத்துக்கும் தெரியும். அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை. மண்ணைப் பார்த்து எந்தக் கடல் என்று கண்டுபிடிக்க முக்கூடலில் ஆள் கிடையாது. பொய் சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஆத்தூர் தாண்டின பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தம்பி கிடக்கிற கடலின் கரையில் ஜனங்கள் உண்டா? நிறைய உண்டு என்றேன். இத்தாலி, கிரேக்கம், எகிப்து என்று தேசங்களைச் சொன்னேன். அந்தத் தேசத்துப் பெண்களுக்கும் கடலில் ஆள் போயிருக்குமா என்றாள். போகாமல் இருக்குமா என்றேன். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

சித்திரை மூன்றாம் வெள்ளி கொடை. நான் போயிருக்கக் கூடாது. போனேன். மருதமரத்து நிழலுக்கு வெளியே, வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. உச்சிவேளை. மேளம் ஓய்ந்திருந்தது. பீடங்களின் வரிசைக் கடைசியில் ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் செங்கல், குழைத்த மண். சுடலையாண்டி குளித்து, ஈரவேட்டியோடு நின்றார். குடும்பத்து ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். வடிவு சிரட்டையை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தாள்.

கடல் மண் என்று பார்த்ததுமே தெரிந்தது. கறுப்பாக, நொறுங்கின சிப்பியோடு இருந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. சுடலையாண்டி அதை மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அத்தனை பேரையும் விட்டுவிட்டு, வெயிலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நீங்க வேதத்துல கை வச்சவிய. பொய் சொல்லமாட்டிய. இது அந்த எடத்து மண்ணு தானா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இல்லை என்று சொன்னால் அந்தக் குழியை மூடிவிடுவார்கள். இன்னும் மூன்று வருஷம். ஆமாம் என்றால் என் ஜீவியத்தில் அறிந்தே சொல்கிற முதல் பொய். அதுவும் இந்தப் பீடங்களுக்கு முன்னால். ஒளிக்காமல் எழுதுகிறேன், ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவியள என்னத்துக்குக் கேக்கிய சின்னையா? என்னயக் கேளுங்க," என்றாள் வடிவு. "இது என் தம்பி மண்ணு இல்ல."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. வயலில் பேசுகிற அதே குரலில், மால்டா எங்கே இருக்கிறது, புன்னக்காயல் எங்கே இருக்கிறது, ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அந்தோனியைப் பற்றிச் சொன்னாள். பதின்மூன்று அமாவாசையும் தான் போட்ட சோறு அவருக்குத்தான் போயிருக்கிறது என்றாள்.

"நான் எடம் தெரியாம ஊரான் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டேன். அங்கன அந்தக் கடக்கரையிலயும் என்னைமாரி ஒருத்தி இருப்பா. அவளும் எடம் தெரியாமத்தான் போடுவா. அது என் தம்பிக்குப் போயிருக்கும். இத்தனை நாளு அவன் பசியாறுனது அவ சோத்துலதான். அவளுக்கு நான் என்ன செய்ய முடியும்? இந்தக் கடல்ல கெடக்குறவருக்கு ஒரு எடம் குடுத்தா, என் தம்பியும் அந்த எடத்துல வந்து கூட உக்காந்துக்கிடுவான். அதுக்குத்தான் கொண்டாந்தேன். வேண்டாம்னா மூடிருங்க."

அந்தோனி வேதக்காரர், கிறிஸ்தவராயிற்றே என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இன்னொருவர், குடும்பக் கோவிலில் வேற்றாளா என்றார். சுடலையாண்டி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு குழியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அந்த அந்தோனி என்ன சாப்பிடுவாரு?" என்று கேட்டார்.

புன்னக்காயல் கரையில் வடிவு எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எண்ணெயைக் கேட்டாள், காற்றைக் கேட்டாள், கடல் ஏன் கரிக்கிறது என்று கேட்டாள். இதைக் கேட்கவில்லை. ஒன்றுக்குப் பதில் தெரியாமல் அவள் விழித்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கேக்கலியே சின்னையா," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கன அவ மட்டும் என் தம்பி என்ன திம்பான்னு யாருட்ட கேட்டிருப்பா? அவ வீட்டுல ஆக்குனதத்தான வச்சிருப்பா. நாமளும் நம்ம ஆக்குனத வைப்போம்," என்றாள்.

சுடலையாண்டி குனிந்து, சிரட்டை மண்ணைக் குழிக்குள் கொட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். செங்கல்லை வைத்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "மாப்ளே, இன்னொரு எலை அறுத்துட்டு வாரும்," என்று குற்றாலலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் அரிவாளோடு வாழைத் தோட்டத்துக்கு ஓடியதைப் பார்த்தேன்.

ஒரே பீடத்துக்கு முன்னால் இரண்டு இலை போட்டார்கள். வடிவு சோற்றுப் பானையை எடுத்து வந்தாள். விருந்தாளி என்பதால் அந்தோனியின் இலையில் முதலில் பரிமாறினாள். சோறு, குழம்பு, கறி, எல்லாம் நிதானமாக வைத்தாள். தம்பியின் இலைக்கு வந்து முதல் கை சோற்றை வைத்தபோதுதான் அழுதாள்.